கால் வளையம்

"போன வருசம் போனது, மறுபடியும் இங்கயே வந்துருச்சுங்களா?"

பொங்கியண்ணன் நம்ப முடியாமல் கேட்டார். சாரதாமணியின் கைக்குள் ஒரு கதிர்க்குருவி திருதிருவென்று விழித்தது. அதன் காலில் மெல்லிய அலுமினிய வளையம்.

"வந்துருச்சுங்க. இந்த நம்பர் வளையத்தைப் போன மாசியில நானே போட்டு உட்டேன். இமயமலைப் பக்கம் போயிட்டு, அதே குளத்துக்கு வந்துருக்குது பாருங்க."

சாரதாமணி கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. மாசி, பங்குனியில் விடியும் முன்பே குளத்தங்கரையில் வலை கட்டிவிடுவாள். சிக்கும் குருவிகளுக்கு வளையம் மாட்டிப் பறக்கவிடுவாள். கரையை ஒட்டி, குருவிகள் அடையும் முள்ளுக்காடு, பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணனுடையது. அதை அழித்துக் குடோன் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அவர் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. இன்றைக்கு அவராகவே தேடி வந்து குருவியைப் பற்றி விசாரிக்கிறார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏனுங்க அம்மிணி, தீனி, தண்ணி எல்லாம் இங்கயே இருக்குது. அப்புறம் எதுக்குங்க வடக்கே போகுது?"

"சொந்த ஊரு அதுதானுங்களே. வெயில் ஏறுனா இங்க இருப்புக் கொள்ளாது."

"அதேதானுங்க." அவர் பெருமூச்சு விட்டார். "எத்தனை நல்லாப் பாத்துக்கிட்டாலும் இருக்க மாட்டேங்குது."

இந்த மனிதருக்குள் இவ்வளவு ஈரமா! சாரதாமணிக்குக் கண் கலங்கியது.

"வளையம் காலை அறுக்காதுங்களா?"

"மாட்டியிருக்கறதே தெரியாதுங்க."

அவள் கையை விரித்தாள். குருவி விருட்டென்று பறந்தது. அது கண்ணுக்கு மறையும் வரை பொங்கியண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"செரிங்க அம்மிணி. முள்ளுக்காட்டை நான் தொடலை. குடோனை வேற பக்கம் கட்டிக்கறேன். ஆனா நீங்க எனக்கு ஒரு உதவி செய்யோணும்."

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

அவர் மேட்டில் நின்ற தன் குவாலிஸ் வண்டியின் கதவைத் திறந்தார். உள்ளே பையும் பெட்டியுமாக நெருக்கியடித்துக்கொண்டு பீகார் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹோலிக்கு ஊருக்குப் போறாங்க. போனா ஒருத்தனும் திரும்பி வர மாட்டேங்கறான். ஆளுக்கு ஒண்ணு மாட்டி உடுங்க."