கிச்சன் பக்கம் போக வேண்டாம்

பிசியோதெரபி செய்யும் பெண் என் வலது முழங்கால் சில்லுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

வலிக்கவில்லை. ஆனாலும் எனக்கு வியர்த்தது.

எதிரே, சுவரோரம் கிடந்த நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் என் கைப்பை. ஆறு வாரமாக என்னை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறவர், கடைசி நாளான இன்று மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

எனக்கு முழங்காலைப் பற்றிக் கவலை இல்லை. இந்தப் பெண்ணின் வாயைப் பற்றித்தான் கவலை. அதிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் போதும், என் குட்டு உடைந்துவிடும்.

அந்த வார்த்தை, கிச்சன்.

டென்னிஸ் மாதிரி வலைக்கு மேலே மட்டையால் பந்தைத் தட்டுகிற பிக்கிள்பால் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். வலையை ஒட்டி இந்தப் பக்கம் ஏழடி, அந்தப் பக்கம் ஏழடி. அந்த இடத்துக்குக் கிச்சன் என்று பெயர். யார் வைத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். அதன் ஓரத்தில் நின்று குனிந்து குனிந்து பந்தைத் தட்டித்தான் என் முழங்கால் இந்தக் கதிக்கு வந்தது.

வலி என்று சொன்னதும் எங்கள் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் முட்டிக்கு உறை மாட்டச் சொன்னார். ஒருவர் ஊசி போட்டால் ஒரே வாரம் என்றார். சொந்த ரத்தத்திலிருந்தே பிளாஸ்மாவைப் பிரித்து முட்டியில் ஏற்றிக்கொண்ட ஒருவர், அந்தப் பெருமையை இரண்டு ஆட்டத்துக்கு நடுவே இருபது நிமிடம் பேசினார். இனிமேல் செஸ் ஆடுங்கள் என்றவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

இந்தப் பெண்தான், ஊசியெல்லாம் அப்புறம் பார்க்கலாம், தொடைக்குப் பலம் வந்தால் முட்டி பிழைத்துக்கொள்ளும் என்றாள். அவளும் ஆடுகிறவள். அதனால் ஆட்டத்தை விடச் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். தினம் மூன்று வேளை காலை நீட்டித் தூக்க வேண்டும். சாயங்காலம் பதினைந்து நிமிடம் ஐஸ் ஒத்தடம். ஆறு வாரம் கிச்சன் பக்கம் போக வேண்டாம்.

அன்று மாலை அந்தத் தாளை என் கணவர் படித்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்றாவது வரிக்கு வந்ததும் எழுந்து வந்து, என் கையிலிருந்த கத்தியையும் வெங்காயத்தையும் வாங்கிக்கொண்டார்.

விளக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் என் கையிலிருந்து யாரும் வெங்காயத்தை வாங்கியதில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாளை, நாளை என்றே ஆறு வாரம் ஓடிவிட்டது.

முதல் வாரம் உருளைக்கிழங்கு கறி, கரியாகவே வந்தது. மூன்றாவது வாரம் உப்பு சரியாக விழுந்தது. ஐந்தாவது வாரம் சூப்பில் எதையோ போட்டுவிட்டு, என்னவென்று கண்டுபிடி என்றார். நான் காலை நீட்டி உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தேன், அதை எதற்கு மறைக்க வேண்டும்.

படுக்கும்போது மட்டும் உறுத்தும். இந்த மனுஷரை இப்படி ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். தெரிந்தால் ஒரு வார்த்தை திட்டமாட்டார். முகம் சுண்டிப்போய்ச் சும்மா இருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அந்தப் பெண் என்னை எழுப்பி நிறுத்தி, பத்து முறை உட்கார்ந்து எழச் சொன்னாள். எழுந்தேன். பிரமாதம் என்றாள். பிறகு கேட்டேவிட்டாள்.

“கிச்சன் பக்கமே போகலையே?”

இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு கிச்சனுக்குமே அது உண்மையான பதில்.

அதோடு விட்டாளா. இனிமேல் வலைக்குப் பக்கத்திலேயே நின்று ஆடலாம், குனிந்து எடுக்கலாம், சனிக்கிழமையே இறங்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். வலை எங்கே, கோடு எங்கே, பந்து எங்கே விழும் என்று கையால் வேறு காட்டினாள்.

முடிந்தது என் கதை.

கணவரைப் பார்த்தேன். முகம் சுண்டவில்லை. என் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே என்மேல் எனக்கே வெட்கமாகிவிட்டது.

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். அந்தத் தாளில் எழுதியிருந்தது நம் வீட்டுக் கிச்சன் இல்லை என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“சார்தான் மறுநாளே போன் பண்ணி, எந்தக் கிச்சன்னு கேட்டுட்டாரே.”

அவர் காது மடல் சிவந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடம்தான் குறைபட்டுக்கொண்டார்.

“அவகிட்டச் சொல்ல வேண்டாம்னும் கேட்டுக்கிட்டேனேம்மா.”