புருஷன் பேரு

"உள்ளே தகராறு. புருஷன் பேர்லதான் தடங்கலாம்" என்று அபுதாஹிர் வந்து சொன்னதும் பழனிமுத்துவின் முகம் சுண்டிப்போனது.

ஓட்டுச்சாவடிக்குள் போயிருந்தது அவன் மனைவி மயிலாத்தாள்.

"சொல்ல மாட்டேங்கிறாளா?"

"வேறென்ன இருக்கப்போகுது? காலையில இருந்து உள்ளே போன ஒரு பொம்பளையும் புருஷன் பேரைச் சொல்லலையாம். பக்கத்துல நிக்கிறவங்கதான் எடுத்துக் குடுத்தாங்களாம்."

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்ற வாலிபர் சங்கத்துப் பையன்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. சங்கத் தலைவர் பழனிமுத்து போன வாரம்தான் குண்டூர் நாடு வரைக்கும் மலையேறிப் போய் முழங்கிவிட்டு வந்திருந்தார்.

"புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு எவன் சொன்னான்? அது நெசமா இருந்தா நாம எல்லாரும் சேர்ந்து வெள்ளைக்காரன் பேரைச் சொல்லுவோம். அவன் ஆயுசாவது குறையட்டும்."

மலை ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அபுதாஹிருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். அவன் சந்தைப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகன். கடையை அப்பா தலையில் கட்டிவிட்டு, தலைவருக்குத் தமுக்கடிப்பதே வேலையாகத் திரிந்தான்.

ஆனால் அந்தப் பேச்செல்லாம் எங்கே விளைகிறது என்பது அவனுக்கும் தெரியாது. விடியற்காலையில் மாட்டுக் கொட்டகையில் மயிலாத்தாள் பத்திரிகையை வாசிப்பாள். பழனிமுத்து சாணி அள்ளிக்கொண்டே கேட்பான். சாயங்காலம் அதுவே மேடையில் கர்ஜனையாகும்.

தலைவருக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வாத்தியார் பிரம்பைப் பார்த்த அன்றைக்கே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் அவர். மயிலாத்தாளோ அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு முடித்தவள்.

முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில் நிலவரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஓட்டு என்று சட்டம் வந்தது. பழனிமுத்து வீட்டு நிலம் அப்பா பேரில் இருந்தது. ஆக, அவளுக்கு ஓட்டு உண்டு, அவனுக்குக் கிடையாது.

சங்கத்தில் கேட்டவர்களிடம், "நான் படிச்சது சேலத்துல. என் ஓட்டும் அங்கதான்" என்று சொல்லி வைத்திருந்தான். குட்டு உடைந்தால் தலைவர் பதவி மட்டுமா போகும்? அடிவாரத்தில் தலைகாட்ட முடியாது.

சேவகன் வெளியே எட்டிப் பார்த்தான். "மயிலாத்தா புருஷன் யாருங்க? ஆபீசர் வரச் சொல்றாரு."

பழனிமுத்து கதர்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "இதோ வாரேன். ஒரு வார்த்தையில முடிச்சுக் குடுக்கிறேன்."

அவன் படியில் கால் வைப்பதற்குள் மயிலாத்தாள் அவசரமாக வெளியே வந்து வாசலை மறித்து நின்றாள்.

"வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போலாம்."

"ஏன் புள்ள? நான் உள்ளே வந்தா காரியம் முடிஞ்சுது."

"நீங்க வர வேண்டாமுங்க. எனக்கு ஓட்டே வேண்டாம்."

விடியுமுன் தலைக்குக் குளித்து, புதுக் கதர்ச் சேலை கட்டி, கதர்க் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டிய பெட்டி மறக்காமலிருக்க, மஞ்சள் பெட்டி மஞ்சள் பெட்டி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். பழனிமுத்துவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அபுதாஹிர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "பேரைச் சொல்ல வாய் வரலையா தங்கச்சி?"

அவள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தாள். புருஷனையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, ஆமாம் என்று ஆட்டினாள்.

"போச்சு, மஞ்சள் பெட்டிக்கு ஒண்ணு குறைஞ்சுது" என்றான் ஒரு பையன். "தலைவர் ஊட்டுக்கே இன்னும் சுதந்திரம் வரலையாட்ட இருக்குது" என்றான் இன்னொருவன்.

பழனிமுத்துவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலிலும் பேச்சுத்தான் வந்தது.

"தோழர்களே, என் மனைவியின் அறியாமைக்காக நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். இந்த மாதிரி மூடப் பழக்கம் இருக்கிற வரைக்கும் நாடு உருப்படாது."

பையன்கள் கை தட்டினார்கள். மயிலாத்தாள் மண்ணைப் பார்த்தபடி நின்றாள்.

புளியஞ்சோலை ஓடையைத் தாண்டும் வரை அவன் பொருமிக்கொண்டே வந்தான். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்ததும் கொட்டித் தீர்த்தான்.

"அஞ்சு வகுப்புப் படிச்சு என்ன புண்ணியம்? ஒரு பேரைச் சொல்ல நாக்கு வரலியே உனக்கு. என் மானமே போச்சு."

"சொன்னேனுங்க."

"என்னத்தச் சொன்னே?"

"உங்க பேரைத்தானுங்க. ஆபீசர் கேட்ட உடனே பட்டுனு சொல்லிப்போட்டேன். அதுதான் வம்பாப் போச்சு."

பழனிமுத்து நின்றுவிட்டான்.

"ஆபீசரு, இந்தச் சீமையில எந்தப் பொம்பளையும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டா. நீ இத்தனை சுளுவாச் சொல்றே, அப்ப நீ அவன் பொண்டாட்டியே இல்ல, கள்ள ஓட்டுப் போட வந்தவள்னு புடிச்சுக்கிட்டாருங்க."

"அடி கிறுக்கி, அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டாங்க? நான் வந்து, இவ எம்பொண்டாட்டிதான்னு சொல்லியிருப்பேனே. எதுக்கு மறிச்சே?"

மயிலாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயால சொன்னாப் பத்தாதாமுங்க. சத்தியக் காயிதம் ஒண்ணைக் கையில குடுத்து, வெளியே நிக்கிறவங்களுக்கும் கேக்கிற மாதிரி உங்களைச் சத்தமா வாசிக்கச் சொல்லுவேன்னாருங்க."