புதிதாய் ஒரு பழைய படகு

“எவ்ளோ தேய்ச்சாலும் பழசாவ மாட்டேங்குதே, இன்னா பண்றது?”

மொட்டை மாடியில் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்த கலைவாணி அழுதுவிடுவாள் போலிருந்தாள். எதிரே விரித்த செய்தித்தாளின்மேல் முழ நீளத்தில் ஒரு மரப்படகு. அதன் நீலச்சாயம் இன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. பிரச்சினையே அதுதான்.

“நைனா பஸ் ஏறிட்டாராம். அக்கா போன் பண்ணுச்சு” என்றான் அவள் கணவன் பார்த்திபன். செஞ்சி கடைவீதியில் செல்போன் கடை வைத்திருப்பவன். வியாபார நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடி வந்திருந்தான்.

நைனா என்றால் கலைவாணியின் மாமனார் கோதண்டராமன். கடலூரில் படகு கட்டும் பட்டறையில் பல வருஷம் உளி பிடித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியபோது தன் கையால் ஒரு சின்னப் படகு செய்து கொண்டுவந்தார். ஜன்னலோர ஷோகேஸில் வெயில் பட்டுப் பட்டு அதன் சாயம் உரிந்து, மரம் சாம்பல் பூத்துவிட்டது. பார்த்திபன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட, அன்று முழுக்க மனிதர் வீட்டில் சாப்பிடவில்லையாம். கல்யாணமாகி வந்த அன்றே இந்தக் கதையைக் கலைவாணியிடம் சொல்லி எச்சரித்துவிட்டார்கள்.

மாமனார் அவளை ஒருநாளும் அதட்டியதில்லை. அதிகம் பேசவும் மாட்டார். அதட்டுகிறவரிடம் எப்படியாவது காலம் தள்ளிவிடலாம், பேசாதவரிடம் என்ன செய்வது? அவளுக்கு அந்த வீட்டில் அவரைக் கண்டால்தான் பயம்.

அப்பேர்ப்பட்டவரின் படகு போகியில் எரிந்துபோய்விட்டது.

மகளுக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு அவர் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட அன்றுதான் கலைவாணி ஷோகேஸைத் துடைத்தாள். அதிலிருந்த சாமான்களையெல்லாம் தரையில் பரப்பியிருந்தாள். பக்கத்திலேயே பழைய பாயும் கிழிசல் துணியும் திணித்த போகி மூட்டை. மறுநாள் விடியற்காலையில் அதைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கோணி எரிந்து விரிந்தபோது உள்ளேயிருந்து பாய்மரம் எட்டிப் பார்த்தது. பார்த்திபன் கம்பால் இழுத்துப் போடுவதற்குள் படகு கரிக்கட்டையாகியிருந்தது.

சாமான்களோடு சாமானாகத் தானேதான் பார்க்காமல் மூட்டைக்குள் அள்ளிப் போட்டுவிட்டதாகச் சொல்லிச் சொல்லி அழுதாள் கலைவாணி. இந்த வருஷப் பொங்கல் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நல்லவேளையாகக் கல்யாண ஆல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஷோகேஸும் படகும் பளிச்சென்று விழுந்திருந்தன. அதைப் பார்த்துத் தச்சர் விநாயகம் அச்சு அசலாக ஒன்று செய்து கொடுத்தார். ஆனால் அதைப் பழசாக்கும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது.

யூடியூப் சொன்னபடியெல்லாம் செய்தார்கள். டீ டிகாஷனைப் பூசிக் காயவைத்தார்கள். துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்ட வினிகரைத் தடவியதும் மரம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதன்மேல் இவர்கள் அடித்த நீலச்சாயம் மட்டும்தான் அடம்பிடித்தது. அடிப்பதற்கு முன்னால் மரத்தில் அங்கங்கே மெழுகுவத்தியைத் தேய்த்திருந்தால் தானாக உரிந்திருக்கும். அவசரத்தில் அது மறந்துபோயிருந்தது.

உப்புத்தாளை எறிந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வந்தாள் கலைவாணி. விரல் சிவக்கத் தேய்த்ததில் ஒருவழியாக நீலம் திட்டுத் திட்டாகப் பெயர்ந்தது. இனி இடுக்குகளில் தூசி வேண்டும். பொங்கலுக்குக் கழுவித் துடைத்த வீட்டில் தூசிக்கு எங்கே போவது? பார்த்திபன் கடைக்கு ஓடிப்போய் அங்கிருந்த ஃபேனில் படிந்ததை வழித்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான்.

“மரத்தைத் தொட்டாலே கண்டுபிடிச்சிடுவாருங்க” என்றாள் அவள். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

படகை ஷோகேஸில் வைத்துக் கதவைச் சாத்துவதற்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

கோதண்டராமன் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரப் போனவர், ஷோகேஸைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கிட்டே போய்ப் படகைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அதன் விளிம்பை ஒருமுறை வருடிப் பார்த்தார். பார்த்திபன் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கலைவாணி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

“இது எப்டிம்மா இங்க இருக்குது?” என்றார் அவர்.

அவ்வளவுதான், அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தாள். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். “மாமா, அது…” என்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

“மூட்டையப் பிரிச்சுப் பாத்து எடுத்து வெச்சிட்டியா?” கோதண்டராமன் படகை மேஜைமேல் வைத்துவிட்டு, ஏமாற்றத்தோடு பெருமூச்சு விட்டார். “இதத் தொடைக்கிறப்பல்லாம் நீ பயந்து சாவறியேன்னுதாம்மா, ஊருக்குக் கெளம்பறப்ப நானே இத போகி மூட்டைக்குள்ள சொருகிட்டுப் போனேன்.”