ஒரே டேக் அப்பா

"கட்! அப்பா, மறுபடியும் அதே தப்பு!" இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி செட்டில், கட்டிலில் படுத்திருந்த நடிகர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். எல்லா சீரியலிலும் அப்பா வேஷம் என்பதால் செட்டில் எல்லோருக்குமே அவர் 'அப்பா'தான். எதையும் ஒரே டேக்கில் முடிப்பவர் என்று பெயரெடுத்தவர். இன்று அவருடைய கதாபாத்திரம் சாகிற காட்சி. அதில்தான் மூன்று டேக் வீணாகியிருந்தது.

"'தம்பி, அம்மாவைப் பார்த்துக்கோ.' இவ்வளவுதானே வசனம்? மகன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான். நீங்க என்னடான்னா கேமராவைப் பார்த்து, 'அம்மாடி, அப்பாவை மன்னிச்சிடும்மா'ங்கறீங்க. இந்தக் கதையில உங்களுக்குப் பொண்ணே கிடையாதே!"

"வயசாயிடுச்சு சார், மறதி" என்று உதவி இயக்குநர் இயக்குநரின் காதைக் கடித்தார். அது கட்டில்வரை கேட்டுவிட்டது. நடிகர் எழுந்து உட்கார்ந்தார்.

"மறதி இல்ல தம்பி. என் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு நான் வேற ஒரு செட்டுல, யாரோ ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டிருந்தேன். லீவு கேட்டா வேஷம் போயிடும்னு பயம். அன்னையிலேர்ந்து அவ என் போனை எடுக்கறதில்ல. நேர்ல போனாலும் கதவைத் திறக்கறதில்ல. ஆனா, இந்த சீரியலை மட்டும் ஒருநாள்கூட விடாம பார்க்கறான்னு மாப்பிள்ளை சொன்னாரு."

அவர் மறுபடியும் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"இன்னைக்கோட என்னைச் சாகடிச்சுடறீங்க. அப்புறம் அவகிட்ட பேச எனக்கு ஏது சார் இடம்?"