பஸ் வரும்வரை ஒரு கதை

"ஒரே போன். தினமும் நாற்பது தடவை. இது வாசிப்பா, மோசடியா?"

மேலதிகாரி ஞானசிகாமணி சார் கம்ப்யூட்டரை ஆர்ஷாவின் பக்கம் திருப்பினார்.

ஆர்ஷா திரையில் இருந்த கணக்கைப் பார்த்தாள். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பின் தூண்களுக்கு மஞ்சள் அடித்து, க்யூஆர் கோடு ஒட்டியது அவளுடைய யோசனை. போனைக் காட்டினால் குட்டிக் கதை ஒன்று திறக்கும். பஸ் வருவதற்குள் வாசித்து முடித்துவிடலாம்.

"எண்ணிக்கையைக் கூட்ட வீட்டு ஆளை ஏற்பாடு பண்ணினியா?"

"இல்ல சார், சத்தியமா!"

"சாயங்காலம் நானே வந்து பார்க்கிறேன். பொய்யின்னா திட்டமும் கிடையாது, உனக்கு வேலையும் கிடையாது."

வெளியே வந்து கணவனை போனில் பிடித்தாள்.

"பிபின், உண்மையைச் சொல்லு. நீயா?"

"நானா? பிள்ளைக்குக் கால் கழுவி, பால் கலக்கவே நேரம் பத்தல. கிழக்கேகோட்டைக்கு எப்ப வந்தேன்?"

ஆர்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிபினுக்கு வேலை போய் மூன்று மாதம். குழந்தைக்கு எட்டு மாதம்.

சாயங்காலம் சாரும் ஆர்ஷாவும் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். கூட்டத்துக்கு நடுவே சுங்குடிச் சேலை கட்டிய ஒரு பெண் தூணில் போனைக் காட்டினாள். சற்று நேரத்தில் மறுபடியும். பிறகு மறுபடியும்.

"மாட்டினா!" சார் சாலையைத் தாண்டி ஓடினார். ஆர்ஷா பின்னாலேயே போனாள்.

"ஏம்மா, இந்த நாற்பது தடவையும்..."

"செத்த சும்மா நில்லும் சாரே!" கூட்டத்தில் ஒருத்தி அதட்டினாள். "கள்ளன் மாட்டினானா இல்லியான்னு கேட்டுட்டு இருக்கோம்!"

சார் ஒரு அடி பின்வாங்கினார். சேலைக்காரி போனைப் பார்த்துப் பார்த்துக் கதையைச் சொல்லி முடித்தாள். கள்ளன் தப்பிவிட்டான். கூட்டம் கைதட்டியது.

"இவங்களே அவங்கவங்க போனில் வாசிக்கலாமே?" சார் குரலைத் தணித்துக் கேட்டார்.

"எங்கன சாரே? எல்லாம் எல்லை தாண்டி, களியக்காவிளை பக்கத்துத் தமிழ் ஊர்கள்ல இருந்து சாலை மார்க்கெட் கடைகளுக்கு வேலைக்கு வாறவங்க. மலையாளம் பேசுவாங்க, எழுத்து தெரியாது. கதை பூரா மலையாளத்துல கெடக்கு. நான் வாசிச்சு நம்ம பேச்சுல சொல்லுதேன். ஒரு பஸ்ஸுக்கு ஒரு கதை."

ஆர்ஷா தூணைப் பார்த்தாள். வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசும் ஸ்டாப்பில், தமிழை மறந்தது அவள்தான்.

"தப்பு என்னோடதுதான் சார்."

"நாற்பது தடவை, தடவைக்கு இருபது பேர்..." சார் முணுமுணுத்தார். "அதை விடு. நாளைக்கே தமிழையும் சேர்த்திடு. கேட்கிற மாதிரி குரலும் வேணும். அப்புறம் பழவங்காடியில் இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மஞ்சள் அடி!"

ஆர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலைக்காரியின் கையைப் பிடித்தாள்.

"அந்தக் குரல் உங்களோடதா இருக்கட்டும் அக்கா. உங்க பேரு?"

"தங்கபாய்."

களியக்காவிளை பஸ் வந்தது. கூட்டம் அடித்துப்பிடித்து ஏறியது. பஸ்ஸும் நகர்ந்தது.

"ஐயோ, எங்களால உங்க பஸ் போச்சே!"

"எனக்கு எதுக்கு மக்களே பஸ்?" தங்கபாய் சிரித்தாள். "எனக்க வீடு இந்தா ஆரியசாலையில, நடக்குற தூரந்தான்."