கவர் வேண்டாம்

மருந்துக்கடைக் கூட்டத்தின் நடுவே ஜெனோவா வாய்விட்டே கேட்டாள்: "அண்ணே, இந்தக் காண்டம் தண்ணிக்குள்ள தாங்குமா?"

பின்னால் நின்ற அவள் கணவன் சகாயத்துக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. தோட்டத்துத் தொட்டியில் ஒன்றாகக் குளிக்கும் யோசனையே அவனுடையதுதான்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வழவழப்பு போயிரும்மா. நழுவலாம், கிழியலாம். தண்ணிக்குள்ள நம்ப முடியாது."

"கைப்புள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கல. அப்ப கரையிலதான்" என்று சகாயத்தைப் பார்த்துச் சிரித்தாள். கறுப்புக் கவரை எடுத்தவரைத் தடுத்து, பெட்டியை அப்படியே கையில் வாங்கிக்கொண்டாள். அந்தக் கையைக் கோத்துக்கொண்டு சகாயம் நிமிர்ந்து நடந்தான்.

கூட்டம் குறையட்டும் என்று எல்லோருக்கும் வழிவிட்டு நின்ற நரைமீசைக்காரர் பின்னால் உரக்கச் சொன்னார்: "எனக்கும் அதுல ஒண்ணு குடுங்க. கவர் வேண்டாம்."