மாத்திரைக்கு அடுத்து கத்தி

எடிட்டரின் தண்ணீர் பாட்டிலை நான்தான் தட்டிவிட்டேன். வில்லன் கத்தியை எப்படி ஓங்க வேண்டும் என்று கையை வீசி நடித்துக் காட்டியதில், அத்தனை தண்ணீரும் என் பேன்ட்டில்.

"நடிக்க வரலைன்னுதானே சார் டைரக்டர் ஆனீங்க?" என்றபடி மேஜையைத் துடைத்தாள். விரல்கள் லேசாக நடுங்கின. எப்போதுமே நடுங்கும், என்மேல் உள்ள பயம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பையிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். யூனிட்டில் அவளுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். வைத்த புண்ணியவான் நான்தான்.

திரையில் வில்லன் மாத்திரை அட்டையைச் சாக்கடையில் எறிந்தான். அடுத்த ஷாட்டில் கத்தியை எடுத்தான். அவள் படத்தை நிறுத்தினாள்.

"இந்த மாத்திரை ஷாட் வேண்டாம் சார். தூக்கிடலாம்."

"தூக்கிட்டா அவனுக்கு மனநோய்னு எப்படித் தெரியும்? ஐயோ பாவம்னு ஜனங்க அழ வேண்டாமா?"

"வீட்டுக்காரன் துரத்துறான், முதலாளி துரத்துறான், கூடப் பிறந்த அண்ணனே கதவைச் சாத்துறான். அதுக்கெல்லாம் நானும்தான் அழுதேன். கடைசில மாத்திரையை விட்டான், கத்தியை எடுத்தான்னு முடிச்சா, துரத்தினவங்க செஞ்சது சரின்னு ஆகிடாதா?"

"ஒரு பாட்டில் தண்ணிக்கு இவ்வளவு கோபமா?"

"தண்ணி கிடக்கட்டும். நாலு கொலை பண்ணினாதான் இவங்களைத் திரும்பிப் பார்ப்பீங்களா? மாத்திரையைப் போட்டுக்கிட்டு, காலைல எழுந்து குளிச்சு வேலைக்குப் போறவங்க உங்க கண்ணுலயே பட மாட்டாங்களா?"

"இஷ்டமில்லைன்னா சொல்லு. வேற எடிட்டரை வெச்சு முடிச்சுக்கிறேன்."

"முடிச்சுக்கோங்க. இந்த ரெண்டு ஷாட்டையும் என் கையால ஒட்ட மாட்டேன்."

எனக்கும் சுருக்கென்றது. கதவை அறைந்துவிட்டு வெளியே போயிருப்பேன். பேன்ட் இருந்த லட்சணத்தில் அந்தக் கௌரவத்துக்கும் வழியில்லை. உட்கார்ந்தபடியே கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"பேச நல்லாத்தான் இருக்கும்மா. நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அந்த மாத்திரை சாப்பிடுற ஒருத்தரோட, இப்படிச் சாத்தின ரூம்ல, நாள் பூரா உட்கார முடியுமா? என்னால முடியாது."

மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு, பாட்டிலின் மூடியை நிதானமாகத் திருகினாள்.

"எட்டு மாசமா என்கூட உட்கார்ந்துகிட்டுதானே சார் இருக்கீங்க."